ஏலகிரி நாய்களுக்கு நான் வைத்த விருந்து

நயா பைசா வந்த புதுசு அது. ஆம்பூர் பஜாரில் கடைக்காரன் அணாவில் விலை சொல்வான், வாங்குகிறவன் பைசாவில் கேட்பான். வெற்றிலை பாக்குக்குக்கூட அரை நாள் சண்டை நடக்கும். கடைசியில் இரண்டு பேருமே ஏமாந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். எனக்கு வருஷக் கணக்கெல்லாம் சொல்லத் தெரியாது. பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன் நான். நயா பைசா சண்டை நடந்த வருஷம் என்றால் என் வயசு ஆட்களுக்குப் புரிந்துவிடும். அந்த வருஷம்தான் உலகம் சுற்றுகிற ஒரு கோஷ்டியோடு நானும் சுற்றுலா போனேன். (சிரிக்காதீர்கள். அந்த உலகத்தில் என் பங்குக்கு வந்தது ஏலகிரி மலை மட்டும்தான்.)

அப்போது நான் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஷாப்பு என்றதும் கடை என்று நினைக்க வேண்டாம். தோல் பதனிடுகிற இடத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அங்கே என் இடம் சுண்ணாம்புக் குழி. பச்சைத் தோலில் மயிர் கழல வேண்டும் என்றால் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். ஊறப்போட்டால் மட்டும் போதாது, ஒருவன் உள்ளே இறங்கி நின்று புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருவன் நான். சுண்ணாம்புக்கு மாட்டுத் தோல் எது, மனுஷத் தோல் எது என்று பார்க்கத் தெரியாது. என் பாதம் இரண்டும் கரையான் அரித்த கதவு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். வேப்பெண்ணெய் தடவிப் படுத்தால் விடிவதற்குள் ஆறின மாதிரி இருக்கும். ஷாப்பு சங்கு ஊதினதும் மறுபடி குழி.

மூக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் நடந்தது புரியாது. தோல் ஷாப்பில் கொஞ்ச நாள் இருந்தால் மூக்கு செத்துவிடும். ரயிலில் வருகிற வெளியூர்க்காரர்கள் ஆம்பூர் வருவதற்கு முன்பே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். பாவம், எல்லோருக்கும் ஜலதோஷம் போலிருக்கிறது என்று நாங்கள் பேசிக்கொள்வோம். என் சம்சாரம் பச்சையம்மா குடியாத்தம் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். கல்யாணமான புதிதில் என்னைப் பார்த்தாலே முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வாள். வெட்கம் என்று நினைத்து ரொம்ப நாள் சந்தோஷமாக இருந்தேன்.

ஒரு நாள் குழியில் நின்றுகொண்டிருந்தபோது ரஹீம் வந்தான். அவன் என் தோஸ்த். முதலாளி பங்களாவில் வேலை. லண்டன்காரர்கள் வந்து வந்து போகிற பங்களா என்பதால் இங்கிலீஷ் நன்றாகப் பேசுவான்.

"முனுசாமி, காலக் கழுவிக்கினு வா. முதலாளி கூப்புட்றாரு."

"இன்னாத்துக்குடா? சீட்டு கிழிக்கவா?"

"சீட்டு கிழிக்கணும்னா கேட்லயே கிழிப்பாங்க. அதுக்கு இன்னாத்துக்கு உன்ன பங்களாவுக்குக் கூப்புடணும்? வாடா, பேஜாரு பண்ணாம."

பங்களா வராந்தாவில் இரண்டு துரைமார், இரண்டு அம்மாமார் உட்கார்ந்திருந்தார்கள். நெட்டையாக இருந்தவர்தான் கோஷ்டித் தலைவர். அவருடைய மச்சான் லண்டனில் எங்கள் தோலை வாங்குகிறவர். அதனால் முதலாளி தானே கையில் தட்டை எடுத்து அவர்களுக்கு பிஸ்கட் நீட்டிக்கொண்டிருந்தார். (அவர் கையில் தட்டைப் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.)

"இவங்க நாலஞ்சு பேரா சேர்ந்து உலகம் பூரா சுத்துறாங்க. மலை, பாலைவனம், காடு, எதையும் வுட்றதில்ல. சாமான அவங்களே தூக்குவாங்க, தரையில படுத்துக்குவாங்க. அதுக்குப் பணம் கட்டிட்டு வந்துருக்காங்க. இப்ப ஏலகிரி ஏறணுமாம். உனக்குப் பாதை தெரியும்னு ரஹீம் சொன்னான்" என்றார் முதலாளி.

பாதை தெரியும்தான். அப்போது ஏலகிரிக்கு மோட்டார் ரோடு கிடையாது. சின்ன வயசில் கடுக்காய் பொறுக்க என் நைனாவோடு ஏறியிருக்கிறேன். ஆனால் நடப்பதற்கும், சுமப்பதற்கும், வெறுந்தரையில் படுப்பதற்கும் ஒருவன் எதற்குப் பணம் கட்டுகிறான் என்பதுதான் எனக்கு மண்டையில் ஏறவில்லை. அந்தக் கணக்கில் பார்த்தால் என் நைனா ஜமீன்தார்.

முதலாளி என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"நல்லபடியா இட்டுக்கினு போய், முகம் கோணாம இட்டுக்கினு வந்துட்டேன்னு வச்சிக்க, உன்ன குழியிலேருந்து எடுத்து பேக்கிங் கொட்டாய்ல போட்றேன்."

பேக்கிங் கொட்டாய்! அங்கே தரை காய்ந்திருக்கும். பதனிட்ட தோலை அடுக்கிக் கட்டுவதுதான் வேலை. அங்கே வேலை செய்கிறவர்களின் காலில் நகம் இருக்கும். நான் சாப்பாட்டு நேரத்தில் அந்த வாசலில் போய் நின்று அவர்கள் காலையே பார்த்துக்கொண்டிருப்பேன். வேறு ஒருவன் சினிமா நட்சத்திரத்தைப் பார்க்கிற மாதிரி.

"இன்னொண்ணு," என்றார் முதலாளி. "வெறுங்காலோட போவாத. தோல் விக்கிற கம்பெனி ஆளு செருப்பில்லாம வர்றான்னு பேசுவாங்க. கம்பெனி மானம் போய்டும்."

(இத்தனை காலமாக அதே வெறுங்காலோடு அவருடைய குழியில் நின்றேனே, அப்போதெல்லாம் அந்த மானம் எங்கே போயிருந்தது என்று நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். அவர்தான் இல்லை.)

கழித்துப்போட்ட தோலில் ஒரு துண்டைக் கொடுத்தார்கள். பஜாரில் பூட்ஸ் தைத்து வாங்கினேன். பூட்ஸா அது? இரண்டு பலகைப் பெட்டி. எங்கள் ஊர்த் தோல் அரைப் பதத்தில்தான் கப்பல் ஏறும், மிச்ச பதம் எல்லாம் லண்டனில்தான். அதைக் காலில் மாட்டினால் எப்படி இருக்கும்? ஆனால் விறைத்த தோலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் ஷாப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: மீன் எண்ணெய். நானும் பூட்ஸ் இரண்டையும் மீன் எண்ணெய் டின்னுக்குள் முக்கி, ஊறவைத்து, விடிந்ததும் எடுத்துப் போட்டேன்.

அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்வது? வெண்ணெயில் காலை வைத்த மாதிரி இருந்தது. எனக்கு விவரம் தெரிந்து, கீழே வைத்த கால் வலிக்காமல் இருந்தது அன்றைக்குத்தான். வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். பச்சையம்மா வாசலுக்கு ஓடினாள்.

"அய்யே! மீன் மார்க்கெட்டே வூட்டுக்குள்ள வந்த மாரி கீது. இத்தப் போட்டுக்கினா தொரைங்களோட போவப் போற?"

"உனுக்கு இன்னா தெரியும்? இது லண்டன் போற தோலு."

"போவும் போவும். போற வழியிலியே கப்பல்ல கீறவன்லாம் கடல்ல குதிச்சிருப்பான்."

அவளுக்குப் பொறாமை என்று நினைத்தேன். எண்ணெயில் கொஞ்சம் பாட்டிலில் ஊற்றி மூட்டையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஜோலார்பேட்டை வரைக்கும் ரயில், அங்கிருந்து அடிவாரம், அப்புறம் மலைப் பாதை. முன்னால் நான், பின்னால் ரஹீம், அவனுக்குப் பின்னால் நால்வரும். நெட்டை துரை, குள்ள துரை, பெரிய தொப்பி போட்ட ஓர் அம்மா, கண்ணாடி போட்ட ஓர் அம்மா. கண்ணாடி அம்மா அவர்கள் ஊரில் ஆஸ்பத்திரி நர்ஸ் என்று ரஹீம் சொன்னான். காற்று எதிரே அடித்ததால் நால்வரும் அடிக்கடி நின்று மூக்கைச் சுளித்தார்கள்.

"இன்னா கேக்கறாங்க?" என்றேன்.

"எது செத்து கெடக்குதுன்னு கேக்கறாங்க. மலையில ஒரு பூவு, அதோட வாசனைன்னு சொல்லிட்டேன்" என்றான் ரஹீம்.

அந்தப் பூவைப் பார்க்க வேண்டும் என்று தொப்பி அம்மா பாதை ஓரமெல்லாம் தேடிக்கொண்டே வந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பாதி மலையில் ஒரு ஓடை. அதில் இறங்கி ஏறினதில் நால்வர் பூட்ஸும் நனைந்து, வெயிலில் காய்ந்து விறைத்துக்கொண்டது. கண்ணாடி அம்மாவுக்குக் குதிகாலில் கொப்புளம். எனக்குள் இருந்த தோல் ஷாப்பு ஆள் எழுந்துவிட்டான். அவர்கள் ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது, கேட்காமலேயே, கழற்றி வைத்திருந்த நாலு ஜோடியையும் எடுத்து, பாட்டிலில் இருந்த எண்ணெய் முழுவதையும் உள்ளேயும் வெளியேயும் தேய்த்துவிட்டேன். குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி தேய்த்தேன். போட்டுப் பார்த்ததும் நெட்டை துரைக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. என் தோளில் தட்டினார். எனக்குப் பேக்கிங் கொட்டாய் கதவு திறக்கிற சத்தமே காதில் கேட்டது. இப்போது எல்லோர் மேலும் ஒரே வாசனை என்பதால் அவர்களும் பூவைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

மேலே போனதும் மலைக்காரர்களுடைய ஊர் ஒன்று. ஊர் எல்லையில் ஒரு கல் நட்டிருந்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் ஊர்க்கவுண்டர் நின்றிருந்தார்.

"அம்மனுக்குக் காப்பு கட்டிக்கீது. தோலு ஜோடு எதுவும் கல்லத் தாண்டக்கூடாது. கழட்டி வச்சுட்டு வர்றவங்க வரலாம்" என்றார்.

ரஹீம் எடுத்துச் சொன்னான். நால்வரும் சந்தோஷமாகக் கழற்றினார்கள். இதற்குத்தானே பணம் கட்டியிருக்கிறார்கள். நானும் கழற்றினேன். ரஹீம் தன் செருப்பையும் அதிலேயே போட்டான்.

"முனுசாமி, நீ இங்கியே ஒக்காந்து ஜோடப் பாத்துக்க" என்றான் ரஹீம்.

உட்கார்ந்திருக்கலாம். அன்றைக்கு அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தால் என் காலுக்கு வேறு தலையெழுத்து. ஆனால் கவுண்டர் என்னைப் பார்த்து, "அந்த ஆளும் வரட்டுமே. பசியோட நிக்கறான் பாரு" என்றார்.

நீங்கள் அமைதியாகக் கேட்க வேண்டிய இடம் இது. கீழே எந்த ஊருக்குள் நான் கால் வைத்தாலும் எந்தத் தெரு என்று கேட்பார்கள். தோல் ஷாப்பு என்று தெரிந்தால் தண்ணீரைக்கூட உயரத் தூக்கித்தான் கையில் ஊற்றுவார்கள். இங்கே ஒருவர் வா என்கிறார். நெட்டை துரையும் கையைப் பிடித்து இழுத்தார். போய்விட்டேன். துரைமாரோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து சாமைச் சோறும் தேனும் பலாச்சுளையும் சாப்பிட்டேன். இன்னொரு கை போடவா என்று கவுண்டர் வீட்டம்மா கேட்டார். நானும் உலகம் சுற்றுகிறவன்தான் என்று அந்த ஒரு வேளை நம்பினேன்.

அப்போதுதான் குரைப்புச் சத்தம் கேட்டது. ஒரு நாய் இல்லை, ஒரு மாநாடு.

ஓடிப்போய்ப் பார்த்தால், ஏலகிரி மலையில் உள்ள அத்தனை நாயும் அந்தக் கல்லைச் சுற்றி இருந்தது. என் பூட்ஸைத்தான் முதலில் முடித்திருந்தன. ஒரு ராத்திரி முழுக்க ஊறினது அல்லவா? நெட்டை துரையின் பூட்ஸை இரண்டு நாய்கள் இரண்டு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. தொப்பி அம்மாவின் ஜோடு தோட்டத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது, தனக்கே கால் முளைத்த மாதிரி. ரஹீமின் செருப்பில் எண்ணெய் இல்லை என்றாலும் பழக்கதோஷத்தில் அதையும் கடித்து வைத்திருந்தன. குள்ள துரை ஒரு குட்டி நாயைத் துரத்திப் பிடித்து மீட்டுக்கொண்டு வந்தது பூட்ஸின் நாக்கு மட்டும்.

கவுண்டர் குனிந்து ஒரு துண்டை மோந்து பார்த்தார்.

"இன்னாப்பா இது, மீனா? மலையில பொறந்த நாய்ங்கடா. அதுங்க மீன எங்க கண்டுச்சு? விருந்தே வச்சுட்டியே!"

நால்வரையும் டோலியில் தூக்கிக்கொண்டு போய்க் கீழே விட முடியாதா என்று ரஹீம் கெஞ்சினான். காப்புக் கட்டினால் திருவிழா முடிகிற வரை யாரும் ஊரைவிட்டு இறங்கமாட்டார்கள் என்று கவுண்டர் சொல்லிவிட்டார். நாலு கோணிப்பை கொடுத்தார். அதைக் கிழித்துக் காலில் சுற்றிக்கொண்டு, உலகத்தில் பல மலை ஏறின கோஷ்டி ஏலகிரியிலிருந்து இறங்கியது. நெட்டை துரை கல்லுக்குக் கல் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். சாமி பெயராக இருக்கும் என்று நினைத்தேன். "சாமியும் இல்ல, பூதமும் இல்ல, கேக்காத" என்றான் ரஹீம்.

கண்ணாடி அம்மாவால் நடக்க முடியவில்லை. முதுகில் ஏற்றிக்கொண்டேன். எனக்கும் பூட்ஸ் இல்லை. எண்ணெயில் ஊறி மெத்தென்று ஆகியிருந்த ஓட்டைப் பாதத்தில் சரளைக்கல் குத்தினால் எப்படி இருக்கும் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஓடைக்கு வந்து அந்த அம்மாவை இறக்கிவிட்டு, தண்ணீரில் காலை வைத்தேன். தண்ணீர் சிவந்து ஓடியது. அந்த அம்மா குனிந்து என் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ரஹீமிடம் கேட்டார்.

"கால்ல இது இன்னான்னு கேக்கறாங்க" என்றான் ரஹீம்.

"சுண்ணாம்புக் குழின்னு சொல்லு. கல்லு குத்துனது இல்ல, குழி தின்னதுன்னு சொல்லு. என்னுது மட்டும் இல்ல, எங்க செட்டுல எல்லார் காலும் இப்டித்தான் கீதுன்னு சொல்லு."

ரஹீம் இங்கிலீஷில் இரண்டே வார்த்தை சொன்னான். இங்கிலீஷ் ரொம்பச் சிக்கனமான பாஷை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த அம்மா உச்சுக்கொட்டினார். தன் பையிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்துக் கட்டுப் போட்டார். மேலே ஒன்றும் கேட்கவில்லை.

அடிவாரம் வந்ததும் நால்வரும் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார்கள். கோணி சுற்றிய கால்களை வரிசையாக நீட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நெட்டை துரை என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். முகம் கோணாமல் கூட்டிவந்துவிட்டோம், பேக்கிங் கொட்டாய் நமக்குத்தான் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் முதலாளி வராந்தாவில் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"லண்டன்காரங்கள கோணி கட்டிக் கூட்டியாந்திருக்க. ஜோலார்பேட்ட ஸ்டேஷன்ல ஊரே பாத்து சிரிச்சிருக்குது. உன்ன நம்பி எந்தக் கொட்டாய்ல வைக்கறது? போ, குழிக்குப் போ."

கண்ணாடி அம்மா கட்டின கட்டை அவிழ்த்து மேட்டில் வைத்துவிட்டு இறங்கினேன்.

கொஞ்ச காலம் கழித்து நெட்டை துரையின் மச்சான் ஆம்பூருக்கே வந்தார். சாப்பாடு பரிமாறிய ரஹீம் வந்து சொன்னான். துரை தான் சுற்றின இடங்களிலேயே ஏலகிரிப் பயணத்தைத்தான் போகிற விருந்தில் எல்லாம் சொல்லிச் சிரிக்கிறாராம். அந்த மச்சானும் சொல்லிச் சிரித்தாராம், முதலாளியும் சிரித்தாராம். சிரிப்போடு சிரிப்பாகப் பெரிய ஆர்டர் ஒன்றும் கொடுத்துவிட்டுப் போனாராம். ஆர்டர் பெரிது என்பதால் எங்களுக்குக் குழியில் ஓவர்டைம்.

அன்றைக்குத்தான் நான் கேட்டேன். "ஓடையில அந்தம்மாகிட்ட இன்னாடா சொன்ன?"

ரஹீம் தரையைப் பார்த்தான்.

"பொறவியிலியே அப்டின்னு சொன்னேன். குழின்னு சொல்லியிருந்தா அது நேரா முதலாளிகிட்ட போய்க் கேட்டிருக்கும். அப்பால நீ குழியிலயும் இல்ல, நான் பங்களாவுலயும் இல்ல. எனுக்கும் வூடு வாசல் கீதுடா, முனுசாமி."

அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க எத்தனையோ தடவை முயற்சி செய்து பார்த்துவிட்டேன். முடியவில்லை. அதுதான் இன்றைக்கும் எரிகிறது. குழியை விட்டு நான் ஏறியது, இடது காலில் இரண்டு விரலை ஆஸ்பத்திரியில் எடுத்த பிறகுதான். அதற்கு மேல் குழிக்கு நான் உதவமாட்டேன் என்று அவர்களே ஏற்றிவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் கல்யாணம், காதுகுத்து எது நடந்தாலும் இந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். என் மகன் துரை மாதிரி கோணி கட்டி நடந்து காட்டுவான். மருமகன் நாலு காலில் நின்று துண்டைக் கடித்து இழுப்பான். யார் வீட்டு நாய் குரைத்தாலும், "மாமா, உங்க விருந்தாளிங்க வந்துட்டாங்க" என்பாள் மருமகள். பச்சையம்மா இருந்த வரைக்கும் அவள் சிரிப்புதான் எல்லாவற்றையும்விடப் பெரிய சிரிப்பு. நானும் சிரிப்பேன். ஆனால் நாய் பூட்ஸைத் தின்றதோடு எல்லோரும் இலை போட எழுந்துவிடுவார்கள். ஓடைக்கரை வரைக்கும் கதை ஒரு நாளும் வந்ததில்லை.

இதைக் கேட்ட நீங்களும் நாலு பேரிடம் சொல்லத்தான் போகிறீர்கள். சொல்லுங்கள். நாய் வருகிற இடத்தில் நன்றாகச் சிரிக்க வையுங்கள், எனக்குக் கோபம் இல்லை. சிரித்து முடித்ததும் அவர்களை எழுந்து போகவிடாதீர்கள். கொஞ்ச நேரம் உட்கார வைத்து, அந்த அம்மா ஓடையில் என் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டாரே, அதற்கு என்ன பதில் என்று சொல்லுங்கள். ரஹீம் சொன்னது வேண்டாம். நான் சொன்னதைச் சொல்லுங்கள்.